இரக்கத்துக்கும் செய்முறை உண்டு: தாதிமையை ஊழியமாக எடுப்பவர்களுக்கு

நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கத்தில் கேட்கும்போது, கள்ளரால் அடிபட்டு வழியில் கிடந்தவனைக் கண்டு அந்தச் சமாரியன் மனதுருகிய இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். தாதியர் வாசித்தால் கண் அதற்கடுத்த வரிக்குப் போகும். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மனதுருகியதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, அவன் செய்த வேலையைத்தான் வரிசையாக எழுதியிருக்கிறது. கிட்டே வந்தான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். கட்டுப்போட்டான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோனான். அங்கே தங்கிப் பார்த்துக்கொண்டான். மறுநாள் புறப்படுமுன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, இவனைக் கவனித்துக்கொள், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். காயம் சுத்தம் செய்வது, இடம் மாற்றுவது, இரவுப் பராமரிப்பு, அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது, திரும்பி வந்து பார்ப்பது என்று இன்றைக்கு வார்டில் நடப்பதும் இதே வரிசைதான்.

விசுவாசத்தால் தாதிமைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுவே. மனதில் எவ்வளவு இரக்கம் இருந்தாலும் நோயாளிக்கு அது நம் கை வழியாகத்தான் போய்ச் சேரும். கைக்குப் பழக்கம் வேண்டும், அளவு தெரிய வேண்டும், முறை தெரிய வேண்டும்.

சிங்கப்பூரில் தாதிமை தொடங்கிய விதமும் இதைத்தான் காட்டுகிறது. 1885 ஆகஸ்ட் 1ஆம் தேதி, குழந்தை இயேசு கன்னிமடத்தின் பிரெஞ்சுக் கன்னியர் சிப்பாய் லைன்ஸில் இருந்த பொது மருத்துவமனையில் தாதிமைப் பயிற்சிக்கு அமர்த்தப்பட்டார்கள். அதை நினைவுகூர்ந்துதான் நாம் இன்றும் அந்த நாளில் தாதியர் தினம் கொண்டாடுகிறோம். வாழ்நாள் முழுவதையும் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்த அந்தப் பெண்களும் வார்டில் பயிற்சி பெற வேண்டியிருந்தது. 1913இல் ஆங்கிலிக்கன் பேராயரின் மனைவியான டாக்டர் சார்லட் ஃபெர்குசன் டேவி, பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக பெங்கூலன் ஸ்திரீட்டில் தொடங்கிய மருத்துவப் பணி செயின்ட் ஆண்ட்ரூஸ் மிஷன் மருத்துவமனையாக வளர்ந்தது. 1949இல் வந்த பிரான்சிஸ்கன் சகோதரிகள் டான் டோக் செங் மருத்துவமனையில் காசநோய் வார்டுகளை ஏற்றார்கள். காசநோய் என்றாலே ஜனங்கள் ஒதுங்கிய காலம் அது. அவர்களே 1961இல் தாம்சன் ரோட்டில் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் திறந்தார்கள். பின்னாளில் அசிசி ஹோஸ்பிஸாக வளர்ந்த இல்லத்தையும் 1969இல் தொடங்கினார்கள். ஜூரோங்கில் இருந்த செயின்ட் ஜோசப் இல்லம் 1985இல் மரணத் தறுவாயில் இருப்போருக்கு 16 படுக்கைகளை ஒதுக்கியது; இந்நாட்டின் அந்திமகாலப் பராமரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மற்றவர்கள் போகத் தயங்கிய படுக்கைகளை நோக்கி விசுவாசம் இவர்களைத் தள்ளியது. அங்கே போனபின் என்ன செய்தார்கள் என்பதுதான் இனி சொல்லப்போவது.

உடம்பைத் தொடும் வேலை

படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடுவது வார்டில் ஆகச் சாதாரண வேலை. அவசரத்தில் கெட்டுப்போகும் வேலையும் அதுதான். திரையை முழுக்க இழுத்து மூடுங்கள். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். தண்ணீர் உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக இருக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். முதலில் கண்கள். சோப்பு வேண்டாம்; மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே துடைப்பு, அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு முனை. பிறகு முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள். தண்ணீரை மாற்றிக்கொண்டு முதுகு. அந்தரங்க உறுப்புகள் கடைசியில். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாக. எந்தப் பகுதியைத் துடைக்கிறோமோ அது மட்டும் திறந்திருக்க, மற்றதெல்லாம் துண்டால் மூடியிருக்க வேண்டும். அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடை இடுக்கு, வயிற்று மடிப்பு ஆகிய இடங்களை ஒற்றி ஒற்றி உலர்த்துங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் மடிப்பில் ஈரம் தங்கினால் சீக்கிரமே படை வந்துவிடும். நோயாளியின் கைகளை ஒரு நிமிடம் கிண்ணத்துத் தண்ணீரிலேயே நனையவிட்டுப் பாருங்கள். பல நாள் படுத்திருந்தவர் முகம் அதிலேயே மலர்ந்துவிடும்.

வெட்கத்துக்கு மருந்துப் பட்டியலில் இடமில்லை. வயதான தமிழ் ஆண்கள் பலர், மகள் வயதுப் பெண் தன்னைக் கழுவுவதைத் தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். கை அசைக்க முடிந்தவரிடம் ஈரத்துணியைக் கையிலேயே கொடுத்து, "நீங்களே துடைச்சுக்குங்க ஐயா, முதுகு மட்டும் நான் பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். தொடுமுன் எங்கே தொடப்போகிறோம் என்று சொல்லுங்கள். இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும்: இருவர் சேர்ந்து ஒருவரைத் திருப்பும்போது, அவருக்குப் புரியாத மொழியில் நமக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. தமிழ் புரியாத சீனப் பாட்டியின் உடம்புக்கு மேலே தமிழில் வீட்டுக் கதை பேசுவது, அவரை ஒரு பொருளாக ஆக்கிவிடுகிறது. "ஆ மா" என்று ஒருமுறை கூப்பிட்டு முகத்தைப் பார்த்தாலே நிலைமை மாறும். மலாய்ப் பெரியவருக்கு "பக்சிக்", "மக்சிக்". இந்த மூன்று சொற்களை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளலாம்.

படுக்கைப்புண் விஷயத்துக்கு வருகிறேன். தானாகத் திரும்ப முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படித் திருப்புவது என்பதில்தான் தவறுகிறது. முழுக்க ஒருக்களித்து 90 பாகையில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் முனை மெத்தையில் அழுந்தும். முதுகுக்குப் பின்னே தலையணை வைத்து 30 பாகை மட்டும் சாய்த்தால் எடை பரவும். குதிகால் மெத்தையைத் தொடக் கூடாது. கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். சாப்பிடும் நேரம் தவிர, தலைப்பக்கம் 30 பாகைக்கு மேல் உயர்ந்திருந்தால் உடம்பு கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே சதை மட்டும் நகர்ந்து கிழியும். மேலே ஏற்றும்போது அக்குளைப் பிடித்து இழுப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. சறுக்கு விரிப்பு போட்டு இருவராக நகர்த்துங்கள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது நல்லது என்று வீட்டில் பலர் நினைக்கிறார்கள். தேய்த்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வேண்டாம். அது ஓட்டையைச் சுற்றிய சதைக்கு இரத்தம் போகாமல் தடுக்கிறது.

விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது; அழுத்தியும் வெளுக்காத சிவப்பு முதல் நிலைப் புண். பாடநூல் சொல்லும் இந்தச் சிவப்பு நம் கறுத்த தோலில் தெரியாது. தமிழ் நோயாளிகளுக்குப் புண் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா, கல் மாதிரி இறுகியோ சொதசொதவென்றோ இருக்கிறதா, ஊதா சாயல் தட்டுகிறதா, தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். வால் எலும்பு, குதிகால், இடுப்பு, முழங்கை, காது மடல், பின்னந்தலை ஆகிய இடங்களை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னே அறுக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால்களைப் பற்றி ஒரு கிறிஸ்தவத் தாதி தனியாகவே சொல்ல வேண்டும். கடைசி இராப்போசனத்தில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியதை ஒவ்வொரு பெரிய வியாழனும் நினைக்கிறோம். நீரிழிவு இவ்வளவு பரவியிருக்கும் நம் சமூகத்தில் காலைப் பார்ப்பது ஒரு உயிர்காக்கும் வேலை. நரம்பு மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, முள் தெரியாது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் சோதிக்கும்போது நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். காய்ப்பு உள்ள இடத்தில் வைத்தால் முடிவு தவறாகும். கழுவும் தண்ணீர் வெதுவெதுப்பாக, சுமார் 37 பாகையில் போதும். சூட்டை அவர் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பாருங்கள். நெடுநேரம் ஊறவைக்க வேண்டாம். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக உலர்த்துங்கள். களிம்பு பாதத்துக்கும் குதிகாலுக்கும் மட்டும். விரல் இடுக்கில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு கோயில் சுற்றுகிறவர்களும், தைப்பூசத்துக்கு நடக்கிறவர்களும் வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி சொல்லிக்கொடுங்கள். நடக்காதே என்று சொல்வது நம் வேலையில்லை.

ஆலயத்தில் கால் கழுவும் ஆராதனைக்கும் இதே கவனம் வேண்டும். ஒரே பேசினில் ஒரே தண்ணீரில் பன்னிரண்டு பேர் கால் நனைத்தால் ஒருவர் சேற்றுப்புண் எல்லோருக்கும் போகும். குடத்திலிருந்து ஊற்றுங்கள், ஆளுக்கொரு துண்டு, திறந்த புண் உள்ளவரை அன்று அமர்த்த வேண்டாம்.

வாய், விழுங்குதல், நற்கருணை

வாய் சுத்தம் தாதிமையில் அதிகம் தட்டிக்கழிக்கப்படுகிறது. விழுங்க முடியாதவரின் வாயில் கிருமி பெருகி, எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா வருகிறது. மிருதுவான பிரஷ், சிறிதளவு பேஸ்ட், தலையை ஒருபக்கம் திருப்பி, தேவைப்பட்டால் உறிஞ்சு குழாய். பொய்ப்பற்களை இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீரில் போட்டால் வளைந்துவிடும். அந்திமகாலத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உதட்டையும் நாக்கையும் ஈரப்படுத்த வேண்டும். ஆக்சிஜன் போட்டிருப்பவர் உதட்டுக்கு வாசலின் வேண்டாம். தண்ணீர் சார்ந்த ஜெல் பாதுகாப்பானது.

உணவு ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, நீங்களும் அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து விழுங்குவார், மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். ஒரு டீஸ்பூன் அளவு. விழுங்கித் தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்தபின் அடுத்த வாய். குரல் ஈரமாகக் கரகரத்தால் நிறுத்துங்கள். எல்லோரும் இருமுவதில்லை, சத்தமில்லாமலே நுரையீரலுக்குள் போவதும் உண்டு. முடிந்தபின் 30 நிமிடமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

சபையிலிருந்து பார்க்க வருபவர்கள் அன்பினாலே ஆபத்து விளைவிப்பது இங்கேதான். பக்கவாதம் வந்தவருக்குக் கெட்டியாக்கிய திரவம் மட்டும் என்று கட்டில் தலைமாட்டில் எழுதியிருக்கும். அவருக்கு நற்கருணையாக அப்பத் துண்டும் சிறு கிண்ணத்தில் திராட்சைச் சாறும் கொடுத்தால், ஒன்று உதிர்ந்து ஒட்டும், மற்றது தண்ணீர் போல நழுவி இறங்கும். இரண்டுமே தடுக்கப்பட்டவை. போதகரோ நற்கருணைப் பணியாளரோ முதலில் தாதியைக் கேட்க வேண்டும். பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் அனுமதித்தால் சாற்றிலும் கெட்டிமாவு கலந்து கொடுக்கலாம். சாறு தண்ணீரைவிட மெதுவாகவே கெட்டிப்படும், ஆகவே பொட்டலத்தில் சொன்ன நேரம் காத்திருங்கள். கத்தோலிக்கருக்கு நற்கருணை அப்பத்தின் மிகச் சிறிய துணுக்கே முழு நற்கருணைதான். வாய்வழி எதுவும் கூடாது என்ற நிலையில் ஆன்மீக நற்கருணை ஜெபம் இருக்கிறது; அருள்தந்தையர் அதைத் தயங்காமல் சொல்லித்தருவார்கள்.

இந்துக் குடும்பங்கள் கொண்டுவரும் தீர்த்தத்துக்கும் இதே நியாயம். தொண்டையில் ஊற்றாமல், நுரைப்பஞ்சால் உதட்டை நனைக்கச் சொல்லுங்கள். நெற்றியில் விபூதி பூசட்டும். தொண்டையில் துளையிட்டவருக்கு அருகே தூவ வேண்டாம், நுண்ணிய சாம்பல் மூச்சோடு உள்ளே போகும். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதையும் ஆக்சிஜன் அருகே ஏற்ற இடமில்லை. பேட்டரி விளக்கு ஒன்றை வார்டிலேயே வைத்திருந்தால் வாக்குவாதம் வராது. இதைச் சொல்லும்போது முகத்தில் கடுகளவும் இளக்காரம் தெரியக் கூடாது. அந்தக் குடும்பத்துக்கு அந்தச் சொட்டுத் தண்ணீர் நமக்கு நற்கருணை எவ்வளவோ அவ்வளவு.

எப்போது ஜெபிப்பது

இளம் விசுவாசிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. என் பதில் கறாரானது: நோயாளி கேட்டால் மட்டும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு எழுந்து போக வழியில்லை. ஊசியும் மருந்தும் நம் கையில் இருக்கும்போது அவரால் நம்மிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் மதத்தைப் பேசுவது, அன்பே ஆனாலும், பலவந்தம்.

கேட்டால், மறுக்க வேண்டாம். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பலருக்கு வியாதியைவிட, பேசாத மகனோ தனியாக இருக்கும் மனைவியோதான் பாரமாக இருக்கும். திரையை இழுங்கள். ஒரு நிமிடம் போதும். மருந்து சுற்றுக்கு நடுவே வேண்டாம். "பத்து நிமிஷத்துல வர்றேம்மா" என்று சொன்னால் பத்து நிமிடத்தில் போய்விடுங்கள். சுகமாவீர்கள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விசுவாசக் குறைவால் வந்தது, பாவத்தால் வந்தது என்ற பேச்சு உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. பார்க்க வந்தவர் வாயிலிருந்து வந்தால் மெதுவாக வெளியே அழைத்துப்போய்ப் பேசுங்கள். பிறகு மருத்துவமனையின் ஆன்மீகப் பராமரிப்புக் குழுவுக்கோ அவருடைய சபைக்கோ, அவர் சம்மதத்தோடு, தெரிவியுங்கள். பிற மதத்தவர் வேண்டுதல் கேட்டால் அவர்களுடைய சமயப் பெரியவரை வரவழைத்துத் தருவதே நம் ஊழியம்.

அதோடு, ஜெபக்குழு வாட்ஸ்அப். "இன்ன மருத்துவமனை, 9ஆம் எண் வார்டு, இன்ன ஆன்ட்டிக்குக் கேன்சர், ஜெபியுங்கள்" என்று தாதி போடும் ஒரு வரி, தொழில் ஒழுக்கத்தையும் தனிமனிதத் தகவல் பாதுகாப்பையும் மீறுகிறது. அந்தம்மா தன் சொந்த அக்காவிடம்கூட இன்னும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பெயரில்லாமல் ஜெபியுங்கள். கர்த்தருக்குப் படுக்கை எண் தேவையில்லை.

தலையில் கைவைத்து ஜெபிக்க வரும் குழுக்களுக்குக் கை கழுவும் ஐந்து தருணங்களைச் சொல்லிக்கொடுங்கள்: நோயாளியைத் தொடுமுன், சுத்தமான செயல்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்புத் தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. வார்டில் பரவும் சிலவகை வயிற்றுப்போக்குக் கிருமிக்கு ஆல்கஹால் போதாது, சோப்பும் தண்ணீரும்தான். 2003இல் சார்ஸ் இந்நாட்டில் 238 பேரைத் தொற்றி 33 பேரைக் கொண்டுபோனது. டான் டோக் செங் மருத்துவமனைத் தாதி ஹமிதா இஸ்மாயில் அதில் உயிர்நீத்தார். அவர் முஸ்லிம். அழைப்பு என்பது நமக்கு மட்டும் உரியது என்று நினைக்கும் எவரும் அந்தப் பெயரை நினைத்துக்கொள்ளலாம்.

பெயர் என்றதும் இன்னொன்று. மருந்து கொடுக்குமுன் "நீங்கதானே முத்தம்மா?" என்று கேட்டால், காது கேளாத பாட்டி எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பட்டையோடும் அடையாள அட்டை எண்ணோடும் ஒத்துப் பாருங்கள். ஒரே வார்டில் இரண்டு மாரியப்பன் இருப்பது நமக்குப் புதிதல்ல. தந்தை பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இன்சுலின், மார்ஃபின், பொட்டாசியம் ஆகியவற்றுக்கு இரண்டாவது ஆள் சரிபார்ப்பது சடங்காகிவிடக் கூடாது. இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டு விடை ஒத்தால்தான் அது சரிபார்ப்பு.

வலியும் கடைசி மணிநேரங்களும்

நம் பெரியவர்கள் வலியைச் சொல்வதில்லை. "பரவாயில்லம்மா" என்பார்கள், நெற்றி சுருங்கியிருக்கும், கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருக்கும். பேச முடியாதவருக்கு மூச்சு, முனகல், முகம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் வைத்து 0 முதல் 10 வரை மதிப்பிடும் அளவுகோல் இருக்கிறது. ஓய்வாகப் படுத்திருக்கும்போது மட்டும் பார்க்காமல், திருப்பும்போதும் பாருங்கள்.

கிறிஸ்தவ நோயாளிகளில் சிலர், இது நான் சுமக்க வேண்டிய சிலுவை என்று மார்ஃபினை மறுப்பார்கள். வாதாட வேண்டாம். மடிகிறவனுக்கு மதுவும் மனங்கசந்தவனுக்குத் திராட்சரசமும் கொடுக்கச் சொல்லி நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தில் இருப்பதைச் சிலருக்கு நினைவூட்டலாம். சிலரிடம் போதகர் பேசினால்தான் கேட்பார்கள். குடும்பத்தின் பயம் வேறு: மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று. வலிக்கு ஏற்ற அளவில் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் வரும், அடங்கிவிடும் என்பதையும் சொல்லுங்கள். மலச்சிக்கல் மட்டும் அடங்காது. மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கியிருக்கிறதா என்று மருந்து அட்டையைப் பாருங்கள். இதை மறந்தால் நாலாம் நாள் வயிற்று வலியோடு, மருந்தே வேண்டாம் என்பார். வாய்வழி கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிப் போய், குறைந்ததா என்று கேட்காவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது.

கடைசி நாள்களில் மூச்சு ஆழமாகி, மெலிந்து, சில விநாடி நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் கறகறவென்று சத்தம் வரும். மூச்சுத் திணறுகிறார் என்று பிள்ளைகள் பதறுவார்கள். விழுங்க முடியாத எச்சில் அசைவதுதான் அது. அவருக்குப் பெரும்பாலும் உணர்வில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே சத்தம் குறையும். குழாயை ஆழமாக விட்டு உறிஞ்சினால் இன்னும் சுரக்கும். இது வருமுன்னே சொல்லி வைத்தால் குடும்பம் தாங்கிக்கொள்ளும். வந்தபின் சொன்னால் சாக்குச் சொல்வது போலத் தோன்றும். காது கடைசிவரை கேட்கலாம் என்று சொல்லி, பேசச் சொல்லுங்கள், பாடச் சொல்லுங்கள். நோயில்பூசுதல் (நோயாளிக்கு அருள்தந்தை எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு) வேண்டும் என்கிற கத்தோலிக்கருக்கு, நினைவு இருக்கும்போதே அருள்தந்தையை அழையுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு அழைப்பதைவிட முந்தைய மாலையே அழைப்பது எல்லோருக்கும் நல்லது. முஸ்லிம் குடும்பம் கட்டிலைக் கிப்லா பக்கம், அதாவது மக்கா இருக்கும் திசைக்கு, திருப்பக் கேட்டால், குழாய்கள் எட்டும்வரை திருப்பிக் கொடுங்கள். பௌத்தக் குடும்பம் மூச்சு நின்றபின் சற்று நேரம் தொடாமல் வைக்கக் கேட்கலாம். எவ்வளவு நேரம் தர முடியும் என்பதை முன்கூட்டியே வார்டு மேலாளரிடம் பேசி வையுங்கள்.

மரணம் உறுதியானபின், விறைப்பு தாடையில்தான் சீக்கிரம் தெரியும். ஆகவே பொய்ப்பற்களை உடனே பொருத்துங்கள், கண்ணை மூடுங்கள், ஒரு தலையணையோடு நேராகக் கிடத்துங்கள். மரண விசாரணை அதிகாரிக்குப் போக வேண்டிய மரணம் என்றால் எந்தக் குழாயையும் பிடுங்காதீர்கள். தாலி, மோதிரம், கையில் கட்டிய கயிறு எதையும் குடும்பத்தைக் கேட்காமல் அறுக்கக் கூடாது. கழற்றியதை இருவர் சாட்சியாக எழுதி, "தங்கம்" என்று குறிக்காமல் "மஞ்சள் நிற உலோகச் சங்கிலி" என்று எழுதுவது வழக்கம். துடைக்கும்போது உயிரோடிருந்தவரிடம் பேசியது போலவே, "அம்மா, இடப்பக்கம் திருப்புறோம்" என்று சொல்லும் மூத்த தாதியர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

மனசாட்சி, முதுகு, ஞாயிற்றுக்கிழமை

கருக்கலைப்புச் சிகிச்சையில் பங்கெடுக்க மனசாட்சி இடம்தராதவருக்குச் சிங்கப்பூரின் 1974ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கு அளிக்கிறது. தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலையில் அந்த விலக்கு பொருந்தாது. இதை அந்தப் பிரிவில் சேரும்போதே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். ஷிப்ட் நடுவில் சொன்னால் பாரம் சக தாதியின் தலையில் விழும். சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் அந்தப் பெண்ணுக்கு வலி மருந்து, இரத்தப்போக்கு கவனிப்பு, சூடான மைலோ எல்லாம் மற்ற எவருக்கும் தருவது போலவே தர வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தால் மருத்துவரை அழையுங்கள். முகத்தில் தீர்ப்பு தெரிந்தால் அவர் இரத்தப்போக்கை உங்களிடம் சொல்லாமல் மறைப்பார்.

ஊழியம் என்ற பெயரில் இடைவேளையை விட்டுக்கொடுப்பது, தனியாளாய் ஒருவரைத் தூக்குவது, ஓய்வுநாள் எல்லாம் வேலைக்கு வர ஒப்புக்கொள்வது, இவற்றைப் பக்தி என்று யாரும் புகழ வேண்டாம். களைத்த தாதி தசமப்புள்ளியைத் தவறாகப் படிப்பார். முதுகு போன தாதி யாரையும் திருப்ப முடியாது. இரக்கம் வற்றத் தொடங்கியதற்குச் சில அறிகுறிகள் உண்டு: நோயாளியைப் படுக்கை எண்ணால் மட்டும் நினைப்பது, அழைப்பு மணி கேட்டதும் எரிச்சல், வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்காமை. அப்போது ஜெபத்தோடு விடுப்பும் எடுங்கள். மருத்துவமனை ஆலோசகரையும் பாருங்கள்.

ஞாயிறு காலை 7 மணிக்கு வார்டில் இருப்பவர் தமிழ் ஆராதனையைத் தவறவிடுவார். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நீங்கள் வேலை பார்த்தால், பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இந்து, முஸ்லிம் சக தாதியர் உங்களுக்காகப் பார்ப்பார்கள். பட்டியல் வெளியாகுமுன் பேசிவைக்க வேண்டும். கத்தோலிக்கருக்குச் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது. மற்ற சபைகள் வாரநாள் மாலையில் ஒரு சிறு கூடுகையை, சுழல்முறை வேலை செய்பவர்களுக்கென்றே, நடத்தினால் பெரிய உதவி. சபையார் இன்னும் மூன்றைச் செய்யலாம். இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரைப் பகலில் தொலைபேசியில் எழுப்பாதீர்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் இரத்தப் பரிசோதனை முடிவை நீட்டாதீர்கள். பலதுறை மருந்தகம் இருக்கிறது. ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து வாடகை அறையில் தனியாக இருக்கும் தாதியரைப் பண்டிகை நாளில் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு.